அலுமினிய கேன் லைனில் நெக்கர் (கேனின் வாயைக் குறுக்கும் மெஷின்) அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது. கன்வேயர் சென்சார்களை எங்கே, எப்படி வைப்பது?

புது சென்சார் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். மெஷினை ஓடச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் ஒரே சென்சாரா? அப்படியென்றால் கோளாறு அங்கேதான். வரிசை அந்த இடத்தைத் தொட்டதும் மெஷின் கிளம்பும், கொஞ்சம் கேன் இழுத்ததும் வரிசை குறைந்து உடனே நிற்கும்.

இன்ஃபீட் பக்கம், அதாவது கேன் மெஷினுக்குள் நுழையும் பக்கம், குறைந்தது மூன்று இடத்தில் சென்சார் வையுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் உள்ளது காலியானால் நிறுத்த வேண்டும். நடுவில் உள்ளது நிரம்பினால் மெதுவேகத்தில் தொடங்க வேண்டும். தொலைவில் உள்ளதும் நிரம்பினால்தான் முழு வேகம். முதல் சென்சாரின் தூரத்தைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். நிமிடத்துக்கு 2000 கேன் வேகத்தில் ஓடும் மெஷின் சீராக வேகம் குறைந்து நிற்க 4 வினாடி ஆகிறது என்றால், அதற்குள் சுமார் 67 கேனை விழுங்கிவிடும். 66 மி.மீ. விட்டமுள்ள கேனுக்கு அது கிட்டத்தட்ட நாலரை மீட்டர். அந்த நீளத்துக்காவது சென்சாருக்கும் மெஷினுக்கும் நடுவே கேன் நிரம்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டார்வீல் (கேன்களை ஒவ்வொன்றாக ஏந்திச் செல்லும் சக்கரம்) பாக்கெட்டுகள் காலியாகச் சுற்றும், கேன்கள் இடைவெளி விட்டு வந்து மோதி நசுங்கும்.

சென்சார் வகைக்கு வருவோம். உலோகம் அருகே வந்தால் தொடாமலே உணரும் பிராக்சிமிட்டி சென்சாரின் டேட்டாஷீட்டில் இருக்கும் தூரம் இரும்புக்கானது. சாதாரண சென்சார் அலுமினியத்தை அதில் ஏறத்தாழ 0.4 பங்கு தூரத்தில்தான் பார்க்கும். 8 மி.மீ. தூரம் பார்க்கும் எம்18 (18 மி.மீ. விட்டமுள்ள சென்சார்) என்றால் சுமார் 3 மி.மீ.தான் மிஞ்சும், கைடு ரெயில் கொஞ்சம் ஆடினாலும் தவறவிடும். 15 மி.மீ. எம்30 போடுங்கள், அல்லது எல்லா உலோகத்தையும் ஒரே தூரத்தில் பார்க்கும் ஃபேக்டர் 1 வகை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் என் தேர்வு இரண்டாவதுதான்.

பலரும் கவனிக்காமல் விடுவது இது: கேன் உருளை வடிவம். ஒட்டி நிற்கும் இரண்டு கேன்களுக்கு நடுவே உள்ள பள்ளம் சரியாக பிராக்சிமிட்டியின் எதிரே வந்து நின்றுவிட்டால், வரிசை முழுக்க நிரம்பியிருந்தும் சென்சார் ‘காலி’ என்றே சொல்லும். எப்போதாவது மட்டும் வருவதால் பிடிப்பது கஷ்டம். இரண்டு சென்சாரை ஒன்றரை விட்டம், அதாவது 99 மி.மீ. தள்ளி வைத்து, பி.எல்.சி.யில் (லைனை இயக்கும் கன்ட்ரோலர்) ‘இது அல்லது அது’ என்று இணையுங்கள். ஒன்றின் எதிரே பள்ளம் இருந்தால் மற்றதன் எதிரே கேனின் வயிறு இருக்கும். அரை விட்டம் தள்ளினாலும் கணக்கு சரிதான், ஆனால் எம்30 இரண்டை அவ்வளவு நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று குழப்பும்.

போட்டோ சென்சார்தான் வேண்டுமென்றால் போலரைஸ்டு ரிஃப்ளெக்டர் வகையே (தன் ரிஃப்ளெக்டரிலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் ஏற்பது) எடுங்கள். போலரைஸ் செய்யாத ரிஃப்ளெக்டர் வகை கேனின் பளபளப்பையே ரிஃப்ளெக்டர் என்று எண்ணி ஏமாறும். ஸ்ப்ரே மெஷின் பக்கம் லாக்கர் படிந்து லென்ஸ் மங்கினால் ஒளி திரும்பாமல் எப்போதும் ‘நிரம்பியது’ என்றே காட்டும். டிஸ்சார்ஜ் (கேன் வெளியேறும்) பக்கம் இதனால் மெஷின் நிற்கும், அவ்வளவுதான். இன்ஃபீட் பக்கம் காலி வரிசையை நம்பி முழு வேகத்தில் ஓடும்.

வயரிங்கும் இதே கணக்குதான். இன்ஃபீடுக்கு என்.ஓ. (கேன் இருந்தால் மட்டும் சிக்னல் தரும்) பிராக்சிமிட்டி போட்டால், வயர் அறுந்ததும் ‘கேன் இல்லை’ என்று மெஷின் நிற்கும். டிஸ்சார்ஜ் பேக்கப்புக்கு, அதாவது வெளியே கேன் தேங்குவதைப் பார்க்கும் சென்சாருக்கு, என்.சி. (கேன் இல்லாதபோது சிக்னல் தரும் வகை) போட்டால், அறுந்ததும் ‘நிரம்பியது’ என்று நிற்கும்.

பேக்கப் சிக்னலுக்கு அரை முதல் ஒன்றரை வினாடி டைமர் வையுங்கள். 2000 வேகத்தில் ஒரு கேன் கடக்க 30 மில்லி வினாடிதான் ஆகும். டைமர் இல்லாவிட்டால் கடந்து போகும் கேனையே தேக்கம் என்று எடுத்துக்கொள்ளும். கன்வேயர் வி.எஃப்.டி.யில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) வேகம் ஏற 3 வினாடிக்குக் குறையாமல் கொடுங்கள். திடீரென்று இழுத்தால் காலி கேன் சாயும், சாய்ந்த ஒரு கேன் சென்சார் எதிரே சிக்கினால் மேலே சொன்ன லாஜிக் முழுவதும் பொய்யாகிவிடும்.

முதல் வேலையாக, ஒரு ஷிஃப்ட் முழுக்க எல்லா சென்சார் இன்புட்டையும் மெஷின் வேகத்தையும் பி.எல்.சி. டிரெண்டில் (நேரவாரி வரைபடத்தில்) பதிவு செய்யுங்கள். நெக்கர் நின்ற ஒவ்வொரு தடவையும் எந்த இன்புட் முதலில் மாறியது என்று பார்த்துவிட்டு, பிறகு சென்சார் பிராக்கெட்டில் கை வையுங்கள்.