டெண்டரில் கமிஷன்: பேராசை மட்டும்தானா?

நல்ல சம்பளம் வாங்கும் பொறியாளர்கூட டெண்டரில் ஏன் கமிஷன் வாங்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். பேராசை பாதி பதில்தான். கையாடல் செய்தவர்களை ஆராய்ந்த அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953-இல் மூன்று காரணங்களைச் சொன்னார்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, வாய்ப்பு, மனசாட்சிக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

எனக்கு மூன்றாவதுதான் முக்கியமாகப் படுகிறது. வேலூரில் ஒரு கால்வாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் தனக்குள் இப்படிச் சொல்லிக்கொள்வார்: "நானா கேட்டேன், அவரே கொடுத்தார்", "மேல வரைக்கும் போகுது, நான் மட்டும் வேண்டாம்னா தூக்கியடிப்பாங்க." பங்கு பிரிகிறபோது குற்ற உணர்வும் பிரிந்துவிடுகிறது.

அப்புறம் உறவு. காண்டிராக்டர் காட்பாடிக்காரர், வீட்டுக் கல்யாணத்தில் மொய் வைத்தவர். அவர் பில்லை நிறுத்துவது நேர்மையாகத் தோன்றாது, நன்றிகெட்டதனமாகத் தோன்றும்.

டெண்டர் வெளிப்படைத்தன்மைக்குத் தமிழ்நாட்டில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் முடிந்த வேலையை அளந்து பதியும் எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) அளவு எழுதுவது இன்னும் முகம் பார்த்து நடக்கிற வேலை. பேரம் அங்கே நகர்ந்துவிடுகிறது.