பழைய கேமிங் பிசில எஃப்பிஎஸ் அடி வாங்குதா? கேளுங்க, சொல்றேன்

"பிசி பழசு, எஃப்பிஎஸ் வரல, புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா"ன்னு தனித்தனியா நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான் இன்னைக்கு மொத்தமா உக்காந்துட்டேன். (எஃப்பிஎஸ்னா ஒரு செகண்டுக்கு ஸ்கிரீன்ல எத்தனை படம் வருதுங்கற கணக்கு.) கேக்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை செஞ்சுட்டு வாங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்னு ஒரு சாஃப்ட்வேர் இறக்கிப் போடுங்க (கார்டு எந்த கம்பெனியா இருந்தாலும் ஓடும், ஃப்ரீதான்), கூடவே ரிவாட்யூனரும் வரும், ஸ்கிரீன் மூலைல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) யூசேஜ், டெம்பரேச்சர், கிளாக் (ஓடுற வேகம்), விராம் (கார்டோட சொந்த மெமரி), சிபியு ஒவ்வொரு கோரும் தனித்தனியா, ஃப்ரேம்டைம் (ஒரு படம் வர ஆகுற நேரம்), இதெல்லாம் தெரியுற மாதிரி வச்சுட்டு நீங்க திணறுற அதே இடத்துல கால் மணி நேரம் ஆடுங்க. "லேக் ஆகுது ப்ரோ"ன்னு மட்டும் சொன்னா நான் என்னத்த சொல்ல.

கேள்வி: அண்ணா, ஐ5-7400, ஜிடிஎக்ஸ் 1060 6ஜிபி, 8ஜிபி ராம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2ல சும்மா நடந்தா 130 வருது, சண்டை ஆரம்பிச்சு ஸ்மோக் விழுந்துச்சுன்னா 50க்கு போயிடுது. ஜிபியு யூசேஜ் 55தான் காட்டுது. காசு சேத்து வச்சிருக்கேன், கார்டு மாத்திடவா?

பதில்: தம்பி, காசை பத்திரமா வச்சுக்க. உன் கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கு, 55ன்னா அதுதான் அர்த்தம். ஒரு ஃப்ரேம் வரையணும்னா யார் எங்க நிக்குறான், புல்லட் எங்க போகுது, எதை எதை வரையணும்னு கணக்கு பண்ணி சிபியு அனுப்பணும், அப்புறம்தான் கார்டு வரையும். 7400க்கு 4 கோர், 4 த்ரெட் (ஒரே நேரத்துல 4 வேலை), அவ்வளவுதான், டர்போவே, அதாவது உச்ச வேகமே, 3.5 கிகாஹெர்ட்ஸ்தான், அந்தக் கணக்கை அதால வேகமா முடிக்க முடியல. அதுக்கு மேல நீ எவ்ளோ பெரிய கார்டு போட்டாலும் அதுவும் சேந்து காத்துட்டுதான் இருக்கும். நம்பலன்னா ரெசல்யூஷனை 1080ல இருந்து 720க்கு இறக்கிப் பாரு. கார்டு மேல தப்புன்னா எஃப்பிஎஸ் எகிறணும். உனக்கு அதே 50தான் நிக்கும்னு நினைக்கிறேன்.

ராம் 8ஜிபின்னு சொன்னியே, ஒரே ஸ்டிக்கா? அப்படின்னா முதல் செலவு அங்கதான். ஒரு ஸ்டிக் டிடிஆர்4 2400ல செகண்டுக்கு 19 ஜிபி சொச்சம்தான் போகும், ரெண்டு போட்டா டூயல் சேனல் ஆகி அது அப்படியே ரெட்டிப்பு. சிபியு திணறுற கேம்ல இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், சராசரிய விட அந்த திடீர் சறுக்கல்லதான் நல்லா தெரியும். அதுக்கும் அடங்கலன்னா அதே போர்டுலயே ஐ7-7700 உக்காரும், 8 த்ரெட், செகண்ட் ஹேண்டுல தேடு. புதுசா தேடாத, அந்தக் காசுக்கு வேற பிளாட்ஃபார்மே போயிடலாம்.

கேள்வி: ப்ரோ எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சனை, ஆனா டாஸ்க் மேனேஜர்ல சிபியு 40 பர்சென்ட்தான் ஓடுது. அப்ப சிபியு நல்லாதானே இருக்கு?

பதில்: அது சராசரி ப்ரோ. 8 த்ரெட் சிபியுல ஒரு த்ரெட் மூச்சு முட்டி 100ல ஓடுனாலும் மொத்தக் கணக்குல 12.5தான் காட்டும். கேம்ல முக்கியமான வேலை பெரும்பாலும் ஒன்னு ரெண்டு த்ரெட் மேலதான் விழும், அது நிரம்பிட்டா கதை முடிஞ்சுது, மீதி கோர் வேடிக்கை பாக்கும். அதனால சிபியு நம்பரை நம்பாதீங்க, ஜிபியு யூசேஜ பாருங்க. எந்த எஃப்பிஎஸ் லிமிட்டும் போடாம, வீசிங்க் (மானிட்டர் வேகத்தோட எஃப்பிஎஸ்ஸைக் கட்டிப் போடுற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு, 95க்கு மேல நின்னா கார்டுதான் முட்டுது. அதுக்கு நல்லா கீழ நின்னா வேற யாரோ அதை நிறுத்தி வச்சிருக்காங்க.

கேள்வி: வணக்கம் சார். என் பையன் கம்ப்யூட்டர்ல புது கிராபிக்ஸ் கார்டு போட்டோம், முன்னாடி எப்படி ஓடுச்சோ அப்படியேதான் இருக்குன்னு சொல்றான். இப்ப இன்னும் பெரிய கார்டு வேணுமாம். உண்மையாவே தேவையா?

பதில்: வணக்கம்மா. எதுவும் வாங்காதீங்க, முதல்ல சிபியு பெட்டிக்குப் பின்னாடி பாருங்க. டிவி மாதிரி மானிட்டர்ல இருந்து ஒரு ஒயர் வருதுல்ல, அது எங்க சொருகியிருக்குன்னு பாருங்க. மேல யுஎஸ்பி, மைக் ஓட்டை எல்லாம் இருக்குற இடத்துல செங்குத்தா சொருகியிருந்தா அது மதர்போர்டு, புது கார்டு வழியா படமே வரல. கீழ கொஞ்சம் தள்ளி தனியா படுக்க வசமா ஒரு வரிசை இருக்கும், அதுதான் கார்டு, அங்க மாத்திச் சொருகச் சொல்லுங்க. நிறைய வீட்ல இதான் நடக்குது. பையனைத் திட்டாதீங்க, கடைல போட்டுக் குடுக்குறவங்களே சில சமயம் இப்படிதான் சொருகிட்டுப் போறாங்க.

கேள்வி: அண்ணே மதுரைல இருந்து. ஐ7-4790, பாக்ஸோட வந்த கூலர். ஆன் பண்ணி கொஞ்ச நேரம் ஜம்முனு ஓடுது, கால் மணி நேரத்துல பாதியா இறங்கிடுது. ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி கொஞ்ச நேரம் நல்லாருக்கு. விண்டோஸ் மாத்தி போட்டுப் பாத்துட்டேன்.

பதில்: அண்ணே, விண்டோஸ் பாவம், அதை விடுங்க. நேரம் ஆக ஆக இறங்குதுன்னா சூடு. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல தெர்மல் த்ராட்லிங்னு ஒரு வரி வரும், எஸ்னு சிவப்புல காட்டுச்சுன்னா சந்தேகமே இல்ல, சிபியு 100 டிகிரிய தொட்டுட்டு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைக்குது.

பிசி ஆஃப் பண்ணி, பவர் ஒயரை உருவிட்டு, பக்கத்து மூடிய கழட்டுங்க. கூலர் ஃபேனுக்கு அடில அலுமினியத் தகடுக்கு நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், மேல இருந்து பாத்தா தெரியாது, ஃபேனுக்குள்ள டார்ச் அடிச்சாதான் தெரியும். புளோயர் அடிக்கிறப்ப ஃபேன் றெக்கையை விரலால பிடிச்சுக்கங்க, காத்துல கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும். அப்புறம் கூலரைக் கழட்டி பழைய தெர்மல் பேஸ்ட்டைத் (சிபியு சூட்டைக் கூலருக்குக் கடத்துற பசை) துடைச்சு எடுங்க, இத்தனை வருஷத்துல உதுந்து போயிருக்கும், ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைச்சா வந்துடும், புதுசு ஒரு பட்டாணி அளவு நடுவுல வச்சா போதும். திருப்பி மாட்டுறப்பதான் கவனம். அந்த இன்டெல் கூலர்ல நாலு பிளாஸ்டிக் பின் இருக்கு பாருங்க, குறுக்கு மூலைக்கு மூலையா அழுத்தணும், நாலும் "டக்"குனு உக்காரணும், ஒன்னு சரியா உக்காரலன்னாலும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு முன்னைய விட மோசமா சுடும். போர்டுக்குப் பின்னாடி திருப்பிப் பாத்து நாலு பின்னும் வெளிய விரிஞ்சிருக்கான்னு உறுதி பண்ணிக்கங்க.

ரைசன் (ஏஎம்டி சிபியு) வச்சிருக்கவங்களும் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும், உங்களுக்குத் தனி எச்சரிக்கை. ஏஎம்4 சாக்கெட் போர்டுல கூலரை நேரா மேல இழுக்காதீங்க. காஞ்ச பேஸ்ட் பசை மாதிரி பிடிச்சுக்கிட்டு சிபியுவே சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்துடும், பின் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டி சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணிட்டு, இடது வலதா மெதுவா திருகித் திருகி எடுங்க.

இன்னொன்னு, மே மாச மதுரைல ரூம்ல 38 டிகிரின்னா உள்ள இருக்குற எல்லாமே ஏசி ரூமை விட அந்த வித்தியாச அளவுக்கு அதிக சூட்டுலதான் ஓடும். மார்கழில நல்லா ஓடுன பிசி சித்திரைல படுத்துச்சுன்னா ரிப்பேர்னு உடனே அர்த்தம் இல்ல.

கேள்வி: 30 எஃப்பிஎஸ். சரியா 30. செட்டிங்க்ஸ் கம்மி பண்ணாலும் 30, கூட்டினாலும் 30. பைத்தியம் பிடிக்குது.

பதில்: ஆணி அடிச்ச மாதிரி ஒரே நம்பர்ல நின்னா யாரோ பூட்டு போட்டிருக்காங்க. லேப்டாப்பா? சார்ஜர் இல்லாம ஆடுறீங்களா? என்விடியால பேட்டரி பூஸ்ட்னு ஒன்னு இருக்கு, பேட்டரில ஓடுறப்ப 30ல கட்டிப் போட்டுடும். டெஸ்க்டாப்னா வீசிங்க் பாருங்க, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல கார்டால 60 குடுக்க முடியாம 55 வந்தா சில கேம் 55 காட்டாது, நேரா 30க்கு குதிச்சுடும். வீசிங்க் ஆஃப்.

கேள்வி: லேப்டாப்தான் ப்ரோ, ஆனா சார்ஜ்ல போட்டுதான் ஆடுறேன். சிபியு கிளாக் 0.79 கிகாஹெர்ட்ஸ்ல நிக்குது, டெஸ்க்டாப்ல மவுஸ் நகத்துனாகூட இழுக்குது. சூடும் இல்ல.

பதில்: ஒரிஜினல் சார்ஜர் போச்சுன்னு வெளிய ஒன்னு வாங்குனீங்களா? அந்த 0.79ஐ பாத்ததும் எனக்கு வர்ற முதல் சந்தேகம் அதுதான். சில லேப்டாப் சார்ஜரை அடையாளம் கண்டுக்கலன்னா இல்ல வாட்ஸ் பத்தலன்னா பயந்துக்கிட்டு சிபியுவ 800 மெகாஹெர்ட்ஸ்ல கட்டிப் போட்டுடும். சார்ஜர் பின்னாடி எத்தனை வாட்ஸ்னு பாருங்க, கம்பெனி குடுத்தது 180ன்னா 90 வாட்ஸ்ல ஓட்ட முடியாது. த்ராட்டில்ஸ்டாப்னு ஒரு சாஃப்ட்வேர்ல பிடி ப்ரோசாட்ங்கற டிக்கை எடுத்து விட்டா ஓடிடும்னு யூடியூப்ல சொல்லுவான், ஓடும்தான், ஆனா அது வேற ஏதோ சுடுறப்ப சிபியுவ அடக்குறதுக்குன்னே இருக்குற சிக்னல். சார்ஜர் வாங்குங்க.

கேள்வி: அண்ணா ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 8ஜிபி வாங்கினேன். யூசேஜ் 99 வருது, ஆனா யூடியூப்ல காட்டுற எஃப்பிஎஸ் வரல, எல்லா கேம்லயும் கொஞ்சம் கம்மி. ஏமாந்துட்டேனா?

பதில்: ஜிபியு-இசட்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு ஷேடர்ஸ்னு இருக்குற இடத்துல என்ன நம்பர்னு பாரு. 2304 இருந்தா நிஜ 580. 2048ன்னா அது 580 2048எஸ்பி, பேருதான் 580, உள்ள இருக்குறது 570. விக்கிறவன் அந்த 2048எஸ்பிய மட்டும் சொல்லவே மாட்டான்.

2304தான்னா மைனிங் கார்டா (கிரிப்டோ காசு தோண்ட ஓட்டுனது) இருக்கலாம். 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கற கிரிப்டோ காசு மைனிங்கை நிறுத்தினப்ப இந்த மாதிரி கார்டெல்லாம் கூட்டமா மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதுல நிறைய கார்டுல பயாஸ் (கார்டுக்குள்ளயே இருக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) மாத்தி, கரண்ட் மிச்சம் பண்ண கோர் கிளாக்கைக் குறைச்சு வச்சிருப்பாங்க. ஆடுறப்ப கிளாக் எவ்ளோ போகுதுன்னு பாரு, 580 சாதாரணமா 1300க்கு மேல ஓடணும். 1100லயே நின்னா சந்தேகப்படு. சில மாடல்ல கார்டு ஓரத்துல குட்டி பயாஸ் ஸ்விட்ச் இருக்கும், பிசிய ஆஃப் பண்ணிட்டு மறுபக்கம் தள்ளிப் பாரு, ஒரிஜினல் பயாஸ் அங்க தப்பிச்சு இருந்தாலும் இருக்கும்.

கேள்வி: ஜிடிஎக்ஸ் 1060 3ஜிபி. சராசரி 60 வருது, ஆனா கேமரா திருப்பினா ஒரு வெட்டு, ஓடுனா ஒரு வெட்டு. கேம் ஹார்டு டிஸ்க்ல இருக்கு.

பதில்: ரெண்டு ஆளு மேலயும் சந்தேகம் இருக்கு. விராம் நிரம்பிட்டா மீதிய மெயின் ராம்ல கொண்டு போய் வைக்கும், ஒவ்வொரு தடவையும் பிசிஐஇ (கார்டை போர்டோட இணைக்கிற பாதை) வழியா இழுத்துட்டு வரணும், அந்த நேரம்தான் வெட்டு. 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்ட், நடுவுல ஒன்னு 80 ஆச்சுன்னா சராசரில தெரியாது, கண்ணுக்குத் தெரியும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி இறக்குங்க, மத்ததைத் தொடாதீங்க. வெட்டு நின்னுச்சுன்னா விராம். நிக்கல, புது ஏரியாக்குள்ள போறப்ப மட்டும் வருதுன்னா டிஸ்க், ஒரு சாதா சாட்டா எஸ்எஸ்டி போதும். எஸ்எஸ்டி போட்டா சராசரி எஃப்பிஎஸ் ஏறும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க, அது வேற டிபார்ட்மென்ட்.

கேள்வி: கேம் பூஸ்டர், ராம் கிளீனர், லைட் விண்டோஸ், எது நல்லது?

பதில்: எதுவும் வேணாம். கிராக் கேம்ல ஆடுறவங்க மட்டும் ஒன்னு கவனிங்க, உள்ள கிரிப்டோ காசு தோண்டுற மைனர் வைரஸ் ஒளிஞ்சு வரும், சிலது டாஸ்க் மேனேஜர் திறந்த உடனே படுத்துக்கும், மூடினா எழுந்துக்கும். சும்மா டெஸ்க்டாப்ல இருக்குறப்பவே ஃபேன் கத்துது, டாஸ்க் மேனேஜர் திறந்தா அமைதியாகுதுன்னா சந்தேகப்படுங்க.

கேள்வி: ஐ5-6500, சிபியு மாத்த காசு இல்ல. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இல்லன்னா இன்டெல் ஆர்க், எதுன்னு ஒரு வார்த்தைல சொல்லுங்க.

பதில்: ரெண்டும் வேணாம், ஒரு வார்த்தைல முடியாது. 6500 எக்ஸ்டிக்கு நாலே நாலு பிசிஐஇ லேன்தான், புது போர்டுல 4.0 வேகம் இருக்குறதால சமாளிச்சுக்கும், உங்க போர்டு 3.0, பாதி வேகம்தான், அதுவும் 4ஜிபி விராம் நிரம்புறப்ப செம அடி. ஆர்க் கார்டுக்கு ரீசைசபிள் பார் (கார்டு மெமரி முழுசையும் சிபியு ஒரே மூச்சுல எட்ட விடுற போர்டு வசதி) கண்டிப்பா வேணும், உங்க காலத்து போர்டுகள்ல சாதாரணமா அது கிடையாது. 16 லேன் உள்ள பழைய கார்டு ஏதாவது, 1660 சூப்பர் மாதிரி, நல்ல நிலைல கிடைச்சா அதுதான் உங்களுக்கு.

கேள்வி: 1060 இன்னும் எத்தனை நாள் ஓடும்? டிரைவர் நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே.

பதில்: 2016ல வந்த கார்டு, நல்லாவே உழைச்சிருக்கு. புது கேமுக்கான டிரைவர் 2025 அக்டோபரோட சரி, செக்யூரிட்டி அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும்னு என்விடியா சொல்லியிருக்கு. இப்ப ஓடுற வேலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் நாளைக்கே நின்னுடாது. சின்னதா வரைஞ்சு பெருசாக்கி எஃப்பிஎஸ் ஏத்துற வித்தைகள்ல டிஎல்எஸ்எஸ் வராது, எஃப்எஸ்ஆர் வரும், கேம்ல இருந்தா குவாலிட்டில வச்சு ஆடுங்க. ஆனா டூம் த டார்க் ஏஜஸ் மாதிரி ரே ட்ரேசிங் (வெளிச்சம் எங்க எப்படி படும்னு கணக்கு பண்றது) ஹார்டுவேர் இல்லாம திறக்கவே திறக்காத கேம் வர ஆரம்பிச்சிடுச்சு, அங்க செட்டிங்க்ஸ் குறைச்செல்லாம் தப்பிக்க முடியாது.

கேள்வி: கடைசியா ஒன்னு அண்ணா, சிரிக்காதீங்க. ராமை ரப்பர் வச்சு தேச்சா எஃப்பிஎஸ் ஏறுமா? எங்க ஏரியா சர்வீஸ்காரர் சொன்னார்.

பதில்: சிரிக்கல. அது பொதுவா டிஸ்ப்ளே வராதப்ப செய்ற வேலை. ஆனா ரெண்டு 8ஜிபி ஸ்டிக் போட்டும் டாஸ்க் மேனேஜர்ல 8தான் காட்டுதுன்னா ஒன்னு சரியா ஒட்டலன்னு அர்த்தம், பவரை உருவிட்டு தேய்ங்க, ரப்பர் தூளை ஊதிட்டு கிளிப் விழுற வரைக்கும் அழுத்துங்க. அப்ப நிஜமாவே ஏறும். அப்படியே பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பியும் (ராமை அதோட பெட்டில போட்ட வேகத்துல ஓட விடுற செட்டிங்) ஆன் பண்ணிடுங்க, போர்டு தாங்குச்சுன்னா 3200 ராம் ஏன் 2133ல ஓடணும்.