அலாஸ்காவை ரஷ்யா விற்றதா, 99 வருடக் குத்தகைக்கு விட்டதா?

விற்றதுதான், 1867-ல். நீங்களும் யாரோ அடித்துச் சொன்னதைக் கேட்டுத்தான் இங்கே வந்திருப்பீர்கள், உங்கள் மேல் தப்பில்லை. எனக்குத்தான் இந்தக் கேள்வியைப் பார்த்தாலே வயிறு எரியும்.

1997, நான் எட்டாம் வகுப்பு. பள்ளிகளுக்கான வினாடி வினா, கடைசிச் சுற்று. ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை எப்படிப் பெற்றது என்று கேள்வி. "72 லட்சம் டாலருக்கு விலைக்கு வாங்கியது" என்றேன். நடுவர் சார் சிரித்துக்கொண்டே, "தப்பு, 99 வருடக் குத்தகை" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம்தான் ஹாங்காங் சீனாவுக்குத் திரும்பிப் போனது, பேப்பர் முழுக்க பிரிட்டனின் 99 வருடக் குத்தகை முடிந்த பேச்சு. மனிதர் இரண்டையும் குழப்பிக்கொண்டார். ரஷ்யாவிலேயே இதை நம்புகிறவர்கள் உண்டு, அதனால் அவரை ரொம்பத் திட்டவில்லை. ஆனால் எவர்சில்வர் டிபன் கேரியர் பக்கத்து அணிக்குப் போய்விட்டது. "குத்தகை என்றால் 1966-லேயே முடிந்திருக்குமே சார்?" என்று கேட்க ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

இப்போது நான் பத்திரம் எழுதுகிறவன். அந்த ஒப்பந்தத்தில் மொத்தம் ஏழு ஷரத்து. முதலாவதில் எல்லை விவரம், ஆறாவதில் தொகை, அதுவும் தங்கமாக. குத்தகைக் காலம் இல்லை, வருடா வருடம் கட்டும் பணம் இல்லை, திருப்பி ஒப்படைக்கும் பேச்சே இல்லை. மூன்று வருடம் என்று ஓரிடத்தில் வரும். அது ரஷ்யாவுக்குத் திரும்ப நினைக்கும் குடிகளுக்கான அவகாசம். சுத்தமான கிரயம்.

ஏக்கருக்கு 2 சென்ட் விழுகிறது (நம் ஊர் நில சென்ட் இல்லை, காசு). இவ்வளவு மலிவாக விற்றவன் முட்டாள் என்று சொல்ல வருகிறவர்களுக்கு: கிரிமியப் போரில் தோற்றுக் கஜானா காலி, கடல்நீர்நாய்த் தோல் வியாபாரம் படுத்துவிட்டது, சண்டை வந்தால் பக்கத்துக் கனடாப் பகுதியைக் கையில் வைத்திருந்த பிரிட்டன் சும்மாவே பிடுங்கிக்கொள்ளும் என்ற பயம் வேறு. தங்கமும் எண்ணெயும் பெரிதாக வெளியே வந்தது பின்னால்தான்.

அங்கே வாழ்ந்த ட்லிங்கிட் மக்களைக் கேட்டார்களா என்று அடுத்து ஒருவர் வருவார். கேட்கவில்லை. ரஷ்யர்கள் கையில் உண்மையில் இருந்தது கொஞ்சம் கோட்டைகளும் வியாபார இடங்களும்தான். எங்கள் மண்ணை அவர்கள் எப்படி விற்கலாம் என்று அந்த மக்கள் அப்போதே எதிர்த்தார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் வில்லங்கம். 1971-ல் தனிச் சட்டம் போட்டு, பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கரும் 96 கோடி டாலருக்கு மேலும் கொடுத்த பிறகுதான் அமெரிக்கா அதை ஒருவழியாகத் தீர்த்தது.

இதில் எனக்கு ஆச்சரியம் வேறு. 1867 மார்ச் 30 விடியற்காலை கையெழுத்து, அக்டோபர் 18 சிட்காவில் கொடி மாற்றி சுவாதீனம். காசோலை கொடுத்தது 1868 ஆகஸ்டில்! எதை நம்பித்தான் விட்டார்களோ. போன மாதம் ஒருவர் முப்பது லட்சத்துக்கு மனை பதிந்துவிட்டு, "அண்ணே, எழுத்துக் கூலி சாயந்திரம் தரேன்" என்று பைக்கை எடுத்தார். இன்றுவரை போனை எடுக்கவில்லை.