திரும்பி வந்த குளிர் காய்ச்சல்: நம் கடற்கரையில் இருப்பது எந்த மலேரியா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஐப்பசியில் குளிர் காய்ச்சல் வந்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, சீட்டில் 'பி.வி.' என்று எழுதி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மூன்றே நாளில் ஆள் எழுந்து கடலுக்குப் போய்விட்டார். இப்போது தை கடைசியில் மறுபடியும் அதே நடுக்கம். 'இது வேற மலேரியா, மூளைக்கு ஏறுற ஜாதி' என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்களாம். "நம்ம பக்கம் எத்தனை வகை மலேரியா இருக்கு, எது வந்திருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்பது அவர் கேள்வி.

சகோதரி, முதலில் ஒன்று. இதைப் படித்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வையுங்கள், மருந்துக்கடையில் இரண்டு வேளைக்கு 'செட்' மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதில் மலேரியா மருந்து கலந்திருந்தால் கிருமி பாதி செத்து உருமாறிக் கிடக்கும், பார்க்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வகையைத் தப்பாகச் சொல்ல வாய்ப்பு உண்டு.

சரி, வகைக்கு வருவோம். மனிதருக்கு மலேரியா தரும் கிருமிகள் முக்கியமாக ஐந்து: வைவாக்ஸ், ஃபால்சிபாரம், மலேரியே, ஓவேல், அப்புறம் குரங்கிலிருந்து வரும் நோலேசி. இந்தியாவில் கிட்டத்தட்ட எல்லா நோயாளிகளுக்கும் வருவது முதல் இரண்டுதான். சீட்டில் 'பி.வி.' என்றால் வைவாக்ஸ், 'பி.எஃப்.' என்றால் ஃபால்சிபாரம். மூளையைத் தாக்கும் மலேரியா என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் ஃபால்சிபாரத்தைத்தான். இராமேஸ்வரம் தீவிலும் இராமநாதபுரம் கடற்கரையிலும் நெடுங்காலமாக மலேரியா உண்டு, அதில் பெரும்பகுதி வைவாக்ஸ். வைவாக்ஸும் சிலருக்குக் கடுமையாகப் போகும் என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நம் பக்கம் இது நிலைத்து நிற்பதற்குக் கொசுவும் காரணம். கிணற்றிலும் மூடாத தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் அனாஃபிலஸ் ஸ்டெஃபன்சி ஒன்று. அனாஃபிலஸ் குலிசிஃபேசிஸ் இன்னொன்று, இதில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் ஐந்து உட்பிரிவுகள் உண்டு. அவற்றில் 'ஈ' என்ற பிரிவு மலேரியாவைப் பரப்புகிறது என்று 1990களின் கடைசியில் கண்டுபிடித்ததே இராமேஸ்வரம் தீவில் பிடித்த கொசுக்களை வைத்துத்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கதை. மூன்றே நாளில் கடலுக்குப் போனார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. வைவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயின், அதோடு பதினான்கு நாள் பிரைமாகுயின் என்பதுதான் நம் நாட்டு முறை. முதல் மருந்து ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும், காய்ச்சல் நிற்கும். ஆனால் வைவாக்ஸ் கல்லீரலுக்குள் போய் உறங்கிக் கிடக்கும், வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்துக்கொண்டு ரத்தத்துக்கு இறங்கும். அந்த உறங்கும் கிருமியை அழிப்பதுதான் பிரைமாகுயின். உடம்பு தேறிவிட்டது என்று ஐந்தாம் நாளோடு அந்த மாத்திரையைப் படகிலோ சட்டைப்பையிலோ விட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் தை மாதக் காய்ச்சல் பழைய வைவாக்ஸே திரும்பி எழுந்ததாக இருக்கலாம். புதிதாக ஒரு கொசு கடித்தும் வந்திருக்கலாம், இரண்டையும் பிரித்துச் சொல்வது மரபணுச் சோதனைக்கே கடினம். மாத்திரையை அன்றைக்கு முழுதாக முடித்தாரா என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிரைமாகுயின் ரத்த அணுக்களை உடைத்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. எனவே மிச்சம் கிடக்கும் பழைய மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம். பிரைமாகுயின் சாப்பிடும் நாட்களில் சிறுநீர் கறுப்புக் காப்பி மாதிரிப் போனால் நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வகையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? விரல் நுனியில் குத்தி ஒரே கண்ணாடியில் இரண்டு தடவல் போடுவோம். ஒன்று தடித்தது, கீழே செய்தித்தாளை வைத்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிற அளவு. கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது. மற்றது நாக்கு மாதிரி இழுத்த மெல்லிய தடவல், வகை சொல்வது இதில்தான். சாயம் ஏற்றி நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் பார்த்தால், வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு பக்கத்து அணுவைவிட ஊதிப் பெருத்து, உள்ளே இளஞ்சிவப்புப் புள்ளி தூவியது போல இருக்கும், கிருமி கைகால் நீட்டிக்கொண்டு ஒழுங்கில்லாமல் கிடக்கும். ஃபால்சிபாரத்தில் அணு பெருக்காது, மெல்லிய சின்ன மோதிரங்கள், சில நேரம் ஒரே அணுவில் இரண்டு மூன்று, நாள் சென்றால் வாழைப்பழ வடிவத்தில் வளைந்த உருவங்கள். அந்த வாழைப்பழத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நம் கடற்கரை ஈரத்தில் தடவல் காயத் தாமதமாகும், ஈ மொய்த்துத் தின்றுவிடும். வெளியே வைத்து மறந்துபோன ஸ்லைடுகளில் பாதி ரத்தம் இல்லாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கோடு விழுகிறதா என்று பார்க்கும் கார்டு டெஸ்ட் வேகமானது, மாலை நேரத்தில் ஆள் இல்லாத இடத்தில் அதுதான் கை கொடுக்கும். ஆனால் ஃபால்சிபாரத்துக்கு அது தேடும் எச்.ஆர்.பி.2 என்ற புரதம் கிருமி செத்த பிறகும் சில வாரங்கள் ரத்தத்தில் இருக்கும். போன மாதம் குணமானவருக்கு இன்று வேறு காய்ச்சல் வந்தாலும் கோடு விழலாம். கிருமி ரொம்பக் குறைவாக இருந்தால் கோடு விழாமலும் போகலாம், அப்போது காய்ச்சல் நீடித்தால் மறுநாள் மறுபடி பாருங்கள்.

ஒரு ஊரில் எந்த வகை இருக்கிறது என்று சொல்ல இந்தத் தனித்தனி ஸ்லைடுகளைத்தான் கூட்டுகிறோம். கூட்டும்போது பிடிபட வேண்டியது பயணம். ஒருமுறை ஒரு ஸ்லைடில் வைவாக்ஸ் என்று எழுதி முடித்துவிட்டார்கள், திரும்பப் பார்த்தபோது பெரிய அணுக்களுக்கு நடுவே மெல்லிய சின்ன மோதிரங்கள், ஒரே அணுவில் இரண்டு, அதாவது ஃபால்சிபாரமும் கலந்திருந்தது. விசாரித்தால் அவர் ஒடிசாவில் கட்டட வேலை முடித்து அந்த வாரம்தான் ஊர் வந்தவர். அந்த ஃபால்சிபாரம் அவரோடு வந்தது, அதை ஊர்க் கணக்கில் சேர்த்திருந்தால் நம் கொசு ஃபால்சிபாரத்தைப் பரப்புகிறது என்றாகிவிடும். கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள், உள்ளூரிலேயே பரவிய மலேரியா 2012-ல் இலங்கையில் நின்றது, 2016-ல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்குப் பிறகும் அங்கே வரும் ஒவ்வொரு நோயாளியிடமும் எங்கே போய் வந்தீர்கள் என்று துருவிக் கேட்கிறார்கள். அறிவித்த அதே ஆண்டு கடைசியில் மன்னாரில் ஸ்டெஃபன்சி கொசு கண்டுபிடிக்கப்பட்டது, தலைமன்னார் தனுஷ்கோடிக்கு எதிரே இருக்கிறது.

எனவே ரத்தம் கொடுக்கும்போது உங்கள் வீட்டுக்காரர் கடந்த ஓராண்டில் எந்தத் துறைமுகத்தில் தங்கினார், கேரளாவா மங்களூரா குஜராத்தா, எத்தனை நாள் என்று சுகாதார ஆய்வாளர் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். ஐப்பசியில் எழுதிக்கொடுத்த 'பி.வி.' சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இந்த முறை 'மலேரியா பாசிட்டிவ்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பி.வி.யா பி.எஃப்.பா, இரண்டும் கலந்ததா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிதற்றல், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், மூச்சுத் திணறல், மஞ்சள் கண் இவற்றில் ஒன்று இருந்தாலும் சீட்டுக்குக் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் அடித்தால் அவர்கள் ஸ்லைடையும் அன்றே எடுக்கச் சொல்லுங்கள்.