வேட்டை வழிகாட்டிப் பள்ளிக்கு விடுமுறையில் போகலாமா?

(ஓய்வு பெற்ற வனச்சரகர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 29 வயது. சார்ஜாவில் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் வேட்டை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளிகள் இருக்கிறதாமே. குதிரை, கூடாரம், பனிமலை என்று படங்களைப் பார்த்ததிலிருந்து ஆசை விடவில்லை. வழிகாட்டி ஆகும் எண்ணமில்லை, விடுமுறையாகப் போய் வரலாமா? நீங்கள் அப்படி ஒரு பள்ளியில் இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள்.
– வாசகர், குலசேகரம்

பதில்: தாராளமாகப் போகலாம் தம்பி. ஆனால் துப்பாக்கியை நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். ஓய்வு பெற்ற மறுவருடம், மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு பள்ளியில் மூன்று வாரம் தங்கினேன். ஜூன் மாதம். எல்க் என்ற பெரிய மானின் வேட்டை தொடங்குவதே செப்டம்பரில்தான். ஆகவே அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் எங்களுக்குக் குதிரை, கோவேறு கழுதை, கயிறு, இவைதான் பாடம்.

காரணம் இருக்கிறது. 1964-இல் வந்த வனாந்தரச் சட்டத்தின்படி, அப்படி அறிவிக்கப்பட்ட காடுகளுக்குள் மோட்டார் வண்டி போகக்கூடாது. மோட்டார் ரம்பம்கூடக் கூடாது. பாதையில் மரம் விழுந்து கிடந்தால் இரண்டு பேர் பிடித்து இழுக்கும் வாளால்தான் அறுக்க வேண்டும். கூடாரம், அடுப்பு, மாவு, வேட்டைக்கு வரும் விருந்தாளியின் மூட்டை எல்லாமே கழுதை முதுகில் ஏறித்தான் மலைக்குப் போகும். ஒரு கழுதைக்குச் சுமார் 70 கிலோ. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு பெட்டியையும் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே ஏற்றுவோம். காவடி கட்டித் தண்ணீர் சுமந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே கயிற்றைச் சாய்சதுரமாக இழுத்துக் கட்டும் ஒரு முடிச்சு உண்டு. அது கை பழக எனக்கு ஒரு வாரம் ஆனது.

இரண்டாவது வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சேணத்துக்கு அடியில் விரித்த கம்பளியில் ஒரு மடிப்பு விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆறு மணி நேரம் நடந்து முகாமில் சுமையை இறக்கினால், அந்த இடத்தில் கழுதையின் தோல் உரிந்து சிவந்திருந்தது. பயிற்சி தந்தவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து அந்தப் புண்மேல் வைத்தார், அவ்வளவுதான். மறுநாள் அது சுமை இல்லாமல் நடந்தது. அதன் சுமையில் ஒரு பங்கை நான் தூக்கினேன். 31 வருடம் காட்டில் வேலை பார்த்த எனக்கு, அந்த ஒரு மடிப்பு கற்றுத் தந்ததை வேறு எதுவும் தரவில்லை.

காலை நாலரைக்கு எழுந்து முதலில் விலங்குகளுக்குத் தீனி, அப்புறம்தான் நமக்குக் காப்பி. ஜூனிலும் பனி பெய்தது. கரடிக்கு எட்டாமல் உணவுப் பையைத் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்தண்டிலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிட வேண்டும். வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிப்பது, லாடம் பார்ப்பது, முதலுதவி, விருந்தாளிக்குச் சமையல் எல்லாம் பாடத்தில் உண்டு.

விசா விஷயத்தில் கவனம். பட்டப்படிப்புக் கணக்கில் சேராத, பொழுதுபோக்கான குறுகிய காலப் பயிற்சிக்குச் சுற்றுலா விசாவில் இடமுண்டு. தொழிற்பயிற்சி என்றால் வேறு விசா. எனவே பள்ளியிடமிருந்து பயிற்சியின் தன்மையை எழுத்தில் வாங்கி, தூதரகத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடித்தவுடன் வேலை வாங்கித் தருகிறோம் என்று சில பள்ளிகள் சொல்லும். சுற்றுலா விசாவில் ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்கக்கூடாது. அப்புறம், அங்கே விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே மத்தியச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. என்னிடம் அது இல்லை, அதனால் சுடும் வகுப்பில் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கரடியை விரட்டும் மிளகாய் ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய் வாங்குங்கள்.

போவதற்கு முன் குதிரை ஏறிப் பழகாமல் இருக்காதீர்கள். பெங்களூரில் சொல்லித் தருகிறார்கள். லீவில் ஊருக்கு வரும்போது, பத்துக் கிலோ பையோடு விடியுமுன் மருந்துவாழ் மலை ஏறி இறங்குங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: வாழ்நாள் முழுக்கக் காட்டைக் காத்த நீங்கள், உயிரைக் கொல்லச் சொல்லித் தரும் பள்ளியைப் புகழலாமா?
– வாசகி, பூதப்பாண்டி

பதில்: நியாயமான கேள்வி அம்மா. போகும்போது எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. என் தாத்தா திருவிதாங்கூர் காலத்தில் மிளா வேட்டைக்குப் போனவர். வீட்டுத் திண்ணையில் அந்தக் கொம்பு இருந்தது, சின்ன வயதில் எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

எல்க் என்பதும் நம் மிளாவைப் போல மான் குடும்பம்தான். ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். மொன்டானாவில் அதைச் சுட்டுவிட்டு, உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது குற்றம். பண்ணையில் அறுத்த ஓர் ஆட்டை வைத்து எங்களுக்குப் பிரித்துக் காட்டினார்கள். இறைச்சி சீக்கிரம் சூடு ஆற வேண்டும், மண் படக்கூடாது, துணிப்பையில் கட்டி நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். வகுப்பு முடியும்வரை யாரும் சிரித்துப் பேசவில்லை. நான் இன்றும் வேட்டையாட மாட்டேன். ஆனால் அங்கே கொம்புக்காக மட்டும் வருகிற விருந்தாளியைவிட, கடைசித் துண்டுவரை கழுதையில் ஏற்றி இறக்கும் வழிகாட்டியை நான் மதிக்கிறேன்.

கேள்வி: மொன்டானா வரை போக வசதியில்லை. நம் மாவட்டத்துக் காட்டில் இப்படிக் கற்க முடியாதா?
– வாசகர், அருமநல்லூர்

பதில்: வேட்டை முடியாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நம் மலைக்காட்டில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். தடம் பார்க்கிறேன் என்று அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தாலும் வழக்குதான். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட வன அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

தடம் பார்க்கும் அறிவோ நம்மிடமே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் எனக்கு யானைத் தடம் காட்டினார். ஈர மண்ணில் முன்காலடி. ஒரு கொடியை அறுத்து அதன் விளிம்பைச் சுற்றி வைத்தார். அந்த நீளத்தை இரண்டு மடங்காக்கி, கொடியின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறுநுனியை நேர்மேலே தூக்கிப் பிடித்தார். “தோள் இவ்வளவு பொக்கம்” என்றார். அவர் கை அவர் தலைக்கு மேலே போயிருந்தது.