முகாம மூடிட்டா எல்லாரும் வீட்டுக்குப் போய்ட்டாங்கன்னு அர்த்தமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதிலுக்கு நடுவுல, "முகாம்ல இருக்கிற இலங்கைத் தமிழர்கள ஊருக்கு அனுப்புறதுங்கிறது பஸ் ஏத்தி விடுற வேலை இல்ல"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அதுக்கு வந்த கடிதமும் மெயிலும் கொஞ்சநஞ்சம் இல்ல, திட்டினவங்களும் இருக்காங்க, அழுதவங்களும் இருக்காங்க. அதனால இந்த இதழ் முழுக்க அது மட்டும்தான், சினிமா கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும். பேர் வேண்டாம்னு நெறைய பேர் கேட்டதால யார் பேரும் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

இலங்கைல சண்டை 2009லயே முடிஞ்சு போச்சு. இன்னும் எதுக்கு இங்கயே இருக்காங்க? சும்மா அரிசி, சும்மா காசு, அதான் காரணம்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா? (வாசகர், ஈரோடு)

கோவிக்கல அண்ணே, கணக்கு போட்டுப் பாப்போம். தமிழக அரசு 2021ல உயர்த்தின உதவித்தொகைப்படி குடும்பத் தலைவருக்கு மாசம் 1,500 ரூபா, மத்த பெரியவங்களுக்கு ஆளுக்கு 1,000, சின்னப் பிள்ளைங்களுக்கு 500. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னா மொத்தம் 3,500 ரூபா. ஈரோட்டுல இதுக்கு ஒரு ரூம் வாடகைக்குக் கிடைக்குமான்னு நீங்களே பாத்து சொல்லுங்க. இதை நம்பி யாரும் உக்காந்து சாப்பிடல. ஆம்பளைங்கள்ல நெறைய பேர் பெயிண்டிங் வேலைக்குப் போறாங்க, உங்க ஊர்ல புதுசா கட்டின வீடு எதையாவது போய்ப் பாருங்க, அந்த சுவத்துல பட்டி பாத்து வெள்ளையடிச்சது அரச்சலூர் முகாம் ஆளா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அதுவும் தூர ஊருக்கு வேலைக்குப் போனா முகாம் கணக்கெடுப்பு நாளுக்குத் திரும்பி வந்து முகத்தைக் காட்டணும், இல்லாட்டி பதிவு போயிடும்னு பயம். அதனால நல்ல கான்ட்ராக்ட் வந்தாலும் விட்டுட்டு ஓடி வருவாங்க.

சரி, ஏன் போகலங்கறதுக்கு வருவோம். எல்லாரையும் ஒரே ஆளா நெனச்சுக்கிட்டு கேக்கறோம், தப்பு அங்கதான் ஆரம்பிக்குது. 1983 ஜூலை கலவரத்துக்கு அப்புறம் வந்தவங்க ஒரு கூட்டம், 1990ல வந்தவங்க ஒரு கூட்டம், 1996ல, அப்புறம் 2006லேர்ந்து மறுபடியும் போட்டுல மன்னார்லேர்ந்து வந்தவங்க. தலைமன்னார், யாழ்ப்பாணம் பக்கம் சொந்தக் காணி, அதாவது நிலம், வச்சிருந்தவங்களுக்கு போனா போய் நிக்க ஒரு இடமாவது இருக்கும், அதுலயும் ஆமி, அதாவது ராணுவம், இருந்தா அது வேற கதை. ஆனா தேயிலைத் தோட்டம் இருக்கிற மலையகத்துலேர்ந்து வந்தவங்க இருக்காங்களே, அவங்க பாடுதான் மோசம். அவங்க தாத்தா பாட்டி இங்க புதுக்கோட்டை, திருச்சி பக்கத்துலேர்ந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவங்க, 1948ல குடியுரிமை பறிபோச்சு, கலவரத்துக்குப் பயந்து தோட்டத்தை விட்டுட்டு வவுனியா, கிளிநொச்சின்னு வந்து கொட்டில் போட்டாங்க, அங்க சண்டை வந்ததும் கடல் தாண்டி இங்க வந்தாங்க. இவங்கள "உன் ஊருக்குப் போ"ன்னா எந்த ஊருக்கு? தோட்டத்து லயன் வீட்டுக்கா, கொட்டிலுக்கா, புதுக்கோட்டைக்கா? அங்க சொந்தமா ஒரு அடி நிலம் கிடையாது அண்ணே. இது போக முகாம்ல இப்போ இருக்கிற இளசுங்க நெறைய பேர் இங்கயே பொறந்ததுங்க, இலங்கைய போன்லதான் பாத்திருக்கு, அதுங்களுக்கு "திரும்பிப் போறது"ன்னு ஒண்ணே இல்ல, புதுசாப் போறதுதான்.

முகாம் உள்ள நெஜமா எப்படி இருக்கும்? வெளியேர்ந்து பாத்தா கேட்டும் போர்டும் மட்டும்தான் தெரியுது. (வாசகி, திருமங்கலம்)

இடத்துக்கு இடம் வித்தியாசம்மா. 2021 கணக்குப்படி நூத்துச் சொச்சம் முகாம்ல 58,822 பேர், அது போக போலீஸ் ஸ்டேஷன்ல பதிஞ்சுட்டு வெளிய வாடகை வீட்டுல இருக்கறவங்க 34,000 சொச்சம். மண்டபம் முகாம் வெள்ளக்காரன் காலத்துல இலங்கைத் தோட்டத்துக்குப் போற கூலியாட்கள நோய் இருக்கான்னு பாத்து அனுப்ப தங்க வச்ச இடம், அதுலயே மறுபடி அந்த மக்களோட பேரப்பிள்ளைங்க வந்து எறங்கினாங்க, வரலாறு இப்படியும் வெளையாடும் பாருங்க.

வீடுன்னா ரொம்ப முகாம்கள்ல பத்துக்குப் பத்து அடி. தற்காலிகம்னு கட்டினது, முப்பது வருஷம் தாண்டிச்சு. அந்தப் பத்தடிக்குள்ள ஒரு மூலை அடுப்பு, ஒரு மூலைல டிவி, குறுக்க கயிறு கட்டி ஒரு சேலை. மகனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா சேலைக்கு அந்தப்பக்கம் புதுசா கல்யாணம் ஆனவங்க, இந்தப்பக்கம் அப்பா அம்மா தங்கச்சி. அப்பா வெளிய திண்ணைலயோ கோயில்லயோ போய்ப் படுத்துக்குவார், யாரும் சொல்லாமலே. மழைக்காலத்துல அதுவும் முடியாது. பொம்பளைப் பிள்ளைங்க டாய்லெட்டுக்கு இருட்டுற வரைக்கும் காத்திருக்கிற முகாமும் இருந்துச்சு.

நல்லதையும் சொல்லணும். 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு 317 கோடி சொச்சத்துக்கு ஒரு திட்டம் அறிவிச்சுது, அதுல 7,469 வீடு புதுசா கட்டறது பெரிய பங்கு. "அகதிகள் முகாம்"ங்கிற பேரையும் "மறுவாழ்வு முகாம்"னு அப்பதான் மாத்தினாங்க. திண்டுக்கல் தோட்டனூத்துல 2022 செப்டம்பர்ல 321 வீடு திறந்தாங்க, கக்கூஸ் உள்ளயே இருக்கு, சமையல் தனி. அங்க இருக்கறவங்க சந்தோஷமாதான் இருக்காங்க. பட்டா மட்டும் கேக்கக் கூடாது, அது குடியுரிமை இருக்கறவங்க கேக்கறது.

1992ல கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்களே, அப்ப என்ன ஆச்சு? (வாசகர், கும்பகோணம்)

வயசானவர் போல, ஞாபகம் வச்சிருக்கீங்க. 1991 மே மாசம் ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் இங்க மனநிலையே மாறிப் போச்சு, முகாம்ல இருக்கற ஒவ்வொருத்தரும் சந்தேகப் பட்டியல்ல. தொண்டு நிறுவனங்கள உள்ள விடல, பிள்ளைங்க படிப்புல கை வச்சாங்க, 1992 ஜனவரில அனுப்ப ஆரம்பிச்சாங்க. "விருப்பப்பட்டுதான் போறேன்"னு கையெழுத்து வாங்கினாங்க, அந்த ஃபாரம் இங்கிலீஷ்ல இருந்துச்சுன்னு அப்பவே புகார். பெரிய சத்தம் வந்த பிறகுதான் அந்த வருஷம் ஐ.நா. அகதிகள் ஆணையம், அதாவது யு.என்.எச்.சி.ஆர்., சென்னைக்கு வந்து ஒவ்வொருத்தரையா நெஜமாவே விருப்பமான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. போனவங்கள்ல நெறைய பேர் வீட்டுக்குப் போகல, மன்னார்லயும் வவுனியாலயும் இன்னொரு முகாமுக்குத்தான் போனாங்க. 1995 ஏப்ரல்ல மறுபடி சண்டை, 1996ல மறுபடி போட்டு ஏறி ராமேஸ்வரம். ரெண்டு தடவ அகதியானவங்க இப்பவும் முகாம்ல இருக்காங்க, அவங்ககிட்ட போய் "ஊர்ல எல்லாம் சரியாயிடுச்சு"ன்னு சொல்லிப் பாருங்க.

நீங்கள் தமிழ்நாட்டு முகாமைப் பற்றியே கதைக்கிறீங்கள். எங்கட மெனிக் பாமை எல்லாரும் மறந்திட்டினம். முகாமை மூடினவை, மீள்குடியேற்றம் முடிஞ்சுது எண்டவை. எங்கட காணி எங்க? (வாசகர், முல்லைத்தீவு)

உங்க கேள்விதான் இந்த இதழோட தலைப்புக்கே காரணம். தமிழ்நாட்டு வாசகர்களுக்காக கொஞ்சம் விரிவா எழுதறேன், உங்களுக்குத் தெரிஞ்சதுதான், பொறுத்துக்கோங்க.

2009 மே மாசம் சண்டை முடிஞ்சப்போ வடக்குல கடைசிச் சண்டை நடந்த வன்னிலேர்ந்து வெளிய வந்த மூணு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட மக்கள்ல பெரும்பாலானவங்கள வவுனியா செட்டிகுளம் பக்கத்துல காட்டை வெட்டி முகாம் போட்டு அடைச்சாங்க. பேரு மெனிக் பாம். வலயம் வலயமா பிரிச்சு அதுக்கு ராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி, கதிர்காமர்னு தமிழ்ப் பெரியவங்க பேரா பாத்து வச்சாங்க, சுத்தி முள்ளுக்கம்பி. சொந்தக்காரங்க வந்தா கம்பிக்கு அந்தப்பக்கம் நின்னு கத்திப் பேசணும். ஒரு கூடாரத்துல அஞ்சு பேர் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு மூணு குடும்பம், தண்ணிக்கு குடத்தை வரிசைல வச்சிட்டு மணிக்கணக்கா காவல். ஆகஸ்ட்ல ஒரு மழை பேஞ்சுது, கக்கூஸ் குழி நெரம்பி தண்ணியோட தண்ணியா கூடாரத்துக்குள்ள வந்துச்சு. டிசம்பர்லதான் பாஸ் வாங்கிட்டு வெளிய போக விட்டாங்க.

2012 செப்டம்பர்ல முகாமை மூடிட்டோம்னு அறிவிப்பு. உலகமே கைதட்டிச்சு. கடைசியா மிஞ்சின ஆட்கள்ல கேப்பாப்புலவுக்காரங்க 110 குடும்பம் இருந்தாங்க, அவங்க ஊர்ல ஆமி முகாம். அதனால அவங்கள ஊருக்கு விடாம சீனியாமோட்டைன்னு பக்கத்துல இருக்கற காட்டுக்குள்ள கொண்டு போய் எறக்கினாங்க. முகாம் கணக்கு சைபர் ஆயிடுச்சு, ஆனா அவங்க வீட்டுக்குப் போகல. அப்புறம் 2017ல அந்த ஊர்ப் பொம்பளைங்க கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஆமி கேட்டுக்கு முன்னாடி வெயில்லயும் பனிலயும் உக்காந்துதான் அங்க இருக்கிற பிலவுக்குடியிருப்பு காணிய திரும்ப வாங்கினாங்க. அதுவும் ஒரு பகுதிதான்.

யாழ்ப்பாணத்துல வலிகாமம் வடக்குலயும் இதே கதை. 1990ல கெளம்புன்னு சொன்னப்போ கெளம்பினவங்க, மல்லாகம், கோணப்புலம்னு நலன்புரி நிலையங்கள்ல, அதாவது இடம்பெயர்ந்தவங்க முகாம்கள்ல, ஓலைக்கொட்டில்ல ரெண்டு தலைமுறைய வளத்தாங்க. 2013ல 6,381 ஏக்கரை அரசாங்கமே எடுத்துக்கப் போறதா நோட்டீஸ் ஒட்டினாங்க, மக்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2015க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க, 2017ல மயிலிட்டித் துறைமுகத்தை விட்டாங்க, எல்லாத்தையும் விடல. அங்கயே தையிட்டில தனியார் காணில விகாரை, அதாவது புத்த கோயில், கட்டிட்டாங்கன்னு இன்னும் போராட்டம் நடக்குது. என்னைக் கேட்டா, முகாம்ல எத்தனை பேர் மிச்சம்னு எண்றத நிறுத்திட்டு காணி உறுதில, அதாவது பத்திரத்துல, பேர் இருக்கிற எத்தனை பேர் அவங்கவங்க கிணத்துல தண்ணி அள்றாங்கன்னு எண்ணணும். அந்தக் கணக்க எந்த அரசாங்கமும் விரும்பி எடுக்காது.

வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களைப் பற்றி ஒரு வரியாவது எழுதுவீர்களா? (வாசகர், காயல்பட்டினம்)

எழுதணும், கேட்டது நல்லதாப் போச்சு. 1990 அக்டோபர்ல விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள், எழுபதாயிரத்துக்கு மேல, எல்லாரையும் வெளியேத்தினாங்க. யாழ்ப்பாணத்துல ரெண்டு மணி நேரம்தான் அவகாசம். பெரும்பாலானவங்க புத்தளத்துல கிடுகு வேலி முகாம்ல இருபது வருஷத்துக்கு மேல இருந்தாங்க. 2009க்குப் பிறகு திரும்பிப் போனா காணில காடு மண்டிக் கெடக்கு, அத வெட்டினா வனத்தை அழிக்கறாங்கன்னு கேஸ், சில இடத்துல வேற ஆள் குடியிருக்காங்க. புத்தளத்துல வாழ்க்கை, மன்னார்ல ஓட்டுன்னு ரெண்டு ஊருக்கும் நடுவுல பஸ்ல அலையறவங்க இன்னும் இருக்காங்க. தமிழ்நாட்டு மேடைல முகாம் பத்தி மணிக்கணக்கா பேசறவங்க இந்த இடத்துல மட்டும் தண்ணி குடிக்க ஆரம்பிச்சுடறாங்க.

மாமியாருக்கு எழுபது தாண்டிடுச்சு. சாகறதுக்குள்ள கிளிநொச்சிக்குப் போகணும்னு தெனம் அழறாங்க. நாங்க முகாம்ல இருக்கோம். என்ன பண்ணணும்? (வாசகி, திருச்சி)

அக்கா, முதல்ல காகிதம். மாமியாரோட இலங்கை அடையாள அட்டை, பொறப்புச் சான்று, பழைய ரேஷன் அட்டை, எது இருந்தாலும் எடுத்து பத்திரப்படுத்துங்க. கூட போற பிள்ளைங்க இங்க பொறந்தவங்கன்னா அவங்க பொறப்ப சென்னைல இருக்கிற இலங்கைத் துணைத் தூதரகத்துல பதிஞ்சு குடியுரிமை வாங்கணும், அது இல்லாம அங்க போனா ஸ்கூல்ல சேக்கறதுலேர்ந்து பிரச்சினை. பாஸ்போர்ட் இல்லாட்டி தற்காலிகப் பயண ஆவணம் அவங்கதான் தரணும். இந்தப் பக்கம் வெளியேற அனுமதி, அதுக்கு முகாம் வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.), கலெக்டர் ஆபீஸ், கியூ பிராஞ்ச் போலீஸ்னு நடக்கணும், பேர் மேல கேஸ் எதுவும் இருக்கக் கூடாது. விருப்பப்பட்டு போறவங்களுக்கு யு.என்.எச்.சி.ஆர். டிக்கெட்டும் கொஞ்சம் கைக்காசும் குடுத்து உதவி பண்ணிட்டு வந்தாங்க, அது இப்ப நடக்குதான்னு சென்னை ஆபீஸ்ல நேர்ல கேளுங்க.

ஏன்னா ஒரு விஷயம் நடந்துச்சு. 2025 மே மாசம் இப்படி முறையா திரும்பிப் போன ஒரு வயசானவர பலாலி ஏர்போர்ட்லயே கைது பண்ணாங்க, அந்தக் காலத்துல அனுமதியில்லாம போட்டுல நாட்டை விட்டுப் போனதுதான் குத்தமாம். குண்டு விழும்போது யார் பாஸ்போர்ட் ஆபீஸ்ல க்யூல நிப்பாங்க சொல்லுங்க? அதனால மாமியாரத் தனியா அனுப்பாதீங்க, அங்க எறங்கற நேரத்துல சொந்தக்காரங்களும் முடிஞ்சா ஒரு வக்கீலும் வெளிய நிக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984லேர்ந்து இந்த வேலையில இருக்காங்க, அவங்ககிட்டயும் கேளுங்க. இன்னொண்ணு, காணி உறுதி யார் பேர்ல இருக்கு, இப்ப அங்க யார் இருக்காங்கன்னு அந்த ஊர் அரசு அதிகாரியான கிராம சேவகர்கிட்ட சொந்தக்காரங்கள விசாரிக்கச் சொல்லிட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க.

இங்கயே குடியுரிமை குடுத்துட்டா என்ன? (வாசகர், சேலம்)

குடுக்கலாம், மனசுதான் வேணும். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான்லேர்ந்து வந்தவங்க மட்டும்தான், இலங்கை இல்ல. 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்தவங்க சட்டப்படி பொறப்பாலயே குடிமக்கள், அப்படி மண்டபத்துல பொறந்த ஒரு அம்மா கோர்ட் வரைக்கும் போய் பாஸ்போர்ட் வாங்கி 2024 தேர்தல்ல திருச்சில ஓட்டே போட்டாங்க. 2025ல, 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிஞ்சவங்களுக்கு பாஸ்போர்ட், விசா இல்லைன்னு தண்டனை கிடையாதுன்னு மத்திய அரசு விலக்கு குடுத்துது. ஜெயில் பயம் போச்சு, ஆனா குடியுரிமை வரல.

வீட்டுல பழைய துணி நெறைய இருக்கு, பக்கத்து முகாமுக்குக் குடுக்கலாமா? மகன் ஐ.டி. கம்பெனில ஆளெடுக்கிற பிரிவுல இருக்கான், அவனும் உதவறேங்கறான். (வாசகி, கும்மிடிப்பூண்டி)

துணிய நீங்களே வச்சுக்கோங்கம்மா. மகன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. முகாம்ல பி.இ. முடிச்ச பிள்ளைங்க எல்லா ரவுண்டும் பாஸ் பண்ணிட்டு, கடைசில பாஸ்போர்ட் கேக்கற இடத்துல பேர் அடிபடுது. ஆதார் இருக்கு, முகாம் அடையாள அட்டை இருக்கு, பேங்க் அக்கவுண்ட் இருக்கு, வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு அவங்க கம்பெனி ரூல்ஸ்ல எழுதியிருக்கான்னு ஒரு தடவ எடுத்துப் பாக்கச் சொல்லுங்க.