வண்டிக்குக் காப்பீடு, வாழைத்தாருக்கு இல்லை

அண்ணாச்சி, களக்காட்டிலிருந்து ஏற்றிய வாழைத்தார், மினி லாரி கவிழ்ந்ததில் நசுங்கிவிட்டது. வண்டி இன்சூரன்ஸில் தாருக்குப் பணம் மறுக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் கனக்கிறது. ஆனால் 'ஃபுல் கவர்' என்றாலும், நீங்கள் ஏற்றும் அடுத்தவர் சரக்கு அதில் சேராது. விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்!

தாரின் சொந்தக்காரரான வியாபாரியிடம் டிரான்சிட் பாலிசி (வழியில் சரக்குக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இருந்தால் அவருக்கு அங்கே இழப்பீடு கிடைக்கலாம். பிறகு அந்தக் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் தொகையைக் கேட்கவும் கூடும். ஆகவே முழு விலையும் தருவதாக அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். சரக்குச் சீட்டில் எழுதிய மதிப்பைப் பாருங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனத்தின்மீது வழக்குப் போட, புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும்.

அடுத்த லோடு ஏற்றுமுன் கேரியர் பொறுப்புக் காப்பீடு (ஏற்றிய அடுத்தவர் சரக்கு சேதமானால் உங்கள் பொறுப்புக்கானது) எடுத்துவிடுங்கள், அண்ணாச்சி.